ஏழாம் மைலில் இல்லாத சதுப்பு

எங்கள் பழைய இலாகாவில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். பழைய கோப்புகளை எரிப்பதற்கு முன் அவற்றுக்கு ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அங்கிள், 1957 கொசு ரெஜிஸ்டர்ல நாப்பத்தொன்னாம் நம்பர்னு ஒரு சதுப்பு இருக்கு. ஏழாம் மைல்னு போட்டிருக்கு. மேப்ல தேடிட்டோம். நேராவும் போய்ப் பாத்துட்டோம். ரோடுதான் இருக்கு. சதுப்பு எங்க?"

"சதுப்பு இல்லம்மா. அது நான் எழுதின பொய்."

நான் சொன்னதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வது வழக்கமில்லை போலும். பிறகு, "அத எழுதிக் குடுங்களேன் அங்கிள்," என்றார். எழுதச் சொன்னால் நான் தயங்குகிறவன் அல்லன். தேதிகளுக்கு என் நாட்குறிப்பே சாட்சி. அதில் பள்ளி நாளிலிருந்து இன்றுவரை மழையும் வெயிலும் தவறாமல் ஏறியிருக்கின்றன.

மலாக்கா சுகாதார இலாகாவில் மலேரியா ஓவர்சியராக 1953-இல் சேர்ந்தேன். 1989-இல் வெளியே வந்தேன். இடைப்பட்ட முப்பத்தாறு வருஷமும் கொசுவோடு போயிற்று. பயிற்சி ஆறு மாதம். கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அதற்குள் தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய் தெளித்தால் புழு மூச்சுத் திணறிச் சாகும். அந்த ஆறு மாதத்தில் உருப்படியாகக் கற்றது இவ்வளவுதான். மீதியைக் கந்தையா இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, வெள்ளைத் தொப்பி. சாக்கடையிலும் சதுப்பிலும் பிழைப்பு நடத்தும் ஓர் இலாகாவில் ஒரு மனிதர் வெள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவரைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. இடது கையில் எப்போதும் நீளக் காம்பு வைத்த ஒரு வெள்ளை எனாமல் அகப்பை இருக்கும். கோவிலுக்குப் போகும்போது மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்று கேள்வி. நான் நேரில் பார்த்ததில்லை.

தண்ணீர் மொள்வதற்கு அவர் வைத்திருந்த முறையை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் நம் நிழல் முதுகுக்குப் பின்னால் விழும். அகப்பையின் விளிம்பைச் சாய்த்து, அலை எழாமல் இறக்க வேண்டும். ஓர் இடத்தில் பத்து முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில், அடியில் போன புழு மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர்மட்டத்தில் படுத்துக் கிடந்தால் அது மலேரியாப் புழு. தலைகீழாகத் தொங்கினால் வேறு ஜாதி.

"நிழல், காணும், நிழல்!" என்று கத்துவார். "உம்மட நிழல் விழுந்தால் புழு அடியில போயிடும். நீர் ஒண்டுமில்லை எண்டு எழுதிப்போட்டு வீட்டை போவீர். சனங்கள் காய்ச்சலில கிடப்பினம்."

புழு கிடைத்த இடத்துக்கு ஓர் எண். எண் எழுதிய முளை ஒன்று அங்கே அடிக்கப்படும். வாரம் ஒரு தரம் எண்ணெய். நான்கு வாரம் தொடர்ந்து காய்ந்து கிடந்தால் எண்ணை ரெஜிஸ்டரிலிருந்து அடித்துவிட வேண்டும். எண் இல்லாத இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது. இலாகாவின் வேதம் இத்தோடு முடிந்தது.

இனி அந்த ஏழாம் மைலுக்கு வருகிறேன். 1953-இல் கம்யூனிஸ்ட் தொல்லை தீர்ந்த 'வெள்ளைப் பகுதி' என்று மலாக்காவை அறிவித்ததும், அவசரகாலத்துக்குப் பயந்து காட்டுப்பக்கமே போகாதிருந்த மரக் காண்டிராக்டர்கள் மெல்லத் திரும்பினார்கள். 1957 ஜனவரியில் அவர்களில் ஒருவர், பட்டணத்து அறுவை ஆலைக்குப் போக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாகப் போகும் செம்மண் சாலை அது. பெரிய சாலையில் போலீஸ் நின்று பாரம் கேட்கும். செம்மண் சாலையில் கேட்க ஆளில்லை. பட்டாளம் கழித்துப் போட்ட லோரிகள், கதவு கிடையாது. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு முழு மரம், மேலே ஒரு சங்கிலி. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு வரை ஓடின. ஒருநாள் ஏழாம் மைலில் நின்று எண்ணினேன். முப்பத்தெட்டு.

அங்கே சாலைக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இடைவெளி. சோற்றில் மண், கிணற்றில் செந்நிற ஆடை, எல்லோர் கண்ணிலும் பீளை. பகலில் எந்தக் குழந்தையும் தூங்குவதில்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி காவியாகிவிடும், லயம் முழுவதும் சாமியார்கள் குடியிருப்பதுபோல் தோன்றும். எனக்கும் அதே கதிதான். அப்போது நான் காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டிகளின் கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மா நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, வாய் நிறைய மலாய் பேசுவார். என் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "நி பாஜு கா, தானா?" என்று கேட்டார். இது சட்டையா, மண்ணா?

தூசி அடங்க லயத்து ஜனங்கள் ஒரு வழி கண்டார்கள். வாசலில் டிரம் வைத்துத் தண்ணீர் பிடித்து, மணிக்கு ஒருமுறை சாலையில் தெளித்தார்கள். திறந்த டிரம்மில் கொசு முட்டையிட்டது. அதனால் நான் அங்கே போக நேர்ந்தது. தூசிக்குச் சட்டம் இல்லை, தண்ணீர் டிரம்முக்கு உண்டு. எண்ணெய் தெளிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான மண்டோர் சடையனும் நானும் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போனோம். ஐந்தாவது டிரம்மின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா," என்றார் சடையன்.

"எந்திரிக்க மாட்டேன். என்னையும் சேத்துக் கவுத்துடு."

"சர்க்கார் உத்தரவும்மா."

"லோரிய நிப்பாட்ட உத்தரவு இருக்கா சர்க்கார்கிட்ட? டிரம்ம கவுக்க மட்டும் ஒத்த ஆளுக்கு ரெண்டு ஆளு வர்றீங்க." அதற்குள் ஒரு லோரி போயிற்று. அவள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நெடுநேரம் இருமினாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "பாத்தீங்களா சார்? இதத்தான் அந்த டிரஸ்ஸரு புத்தகத்துல எழுதுறாரு."

அவள் பெயர் அஞ்சலை. பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள், விதவை, இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அந்த வருஷம் ஓர் 'இருமல் புத்தகம்' தொடங்கியிருந்தார். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது இருமுகிறவர்களுக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் காசநோய்ச் சந்தேகம் என்று எங்கள் இன்ஸ்பெக்டருக்குத் தாள் போகும். அவர் கையெழுத்திட்டால் ஆளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தனி வார்டில் அடைப்பார்கள். லயத்து வீடு, வேலைக்கு வரும் வேறோர் ஆளுக்குப் போய்விடும். அஞ்சலைக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி விழுந்திருந்தது.

"எனக்குக் காசமில்ல சார், லோரிதான். ஞாயித்துக்கெழம லோரி ஓடாது. திங்கக்கெழம காலையில எனக்கு இருமலும் வராது. வீடு போச்சுன்னா ரெண்டு பொட்டப் புள்ளைங்கள எங்க விடுவேன்?"

தேதியும் கிழமையும் சொல்லி ஒருவர் பேசினால் நான் அடிமை. டிரஸ்ஸர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு புள்ளியும் சனிக்கிழமை. சீனப் பெருநாளுக்கு லோரி நின்ற வாரத்தில் லயம் முழுவதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. இதையெல்லாம் அழகாகக் கட்டம் போட்டுக் கந்தையாவிடம் கொண்டுபோனேன்.

அவர் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "வடிவாத்தான் கீறியிருக்கிறீர். ஆனால் தூசி எங்கட இலாகா இல்லை, காணும். எங்கட இலாகா கொசு."

மராமத்து இலாகாவுக்கு எழுதினேன். அது தோட்டத்துச் சாலை என்றார்கள். தோட்டத்துக்கு எழுதினேன். அது பொதுச் சாலை என்றார்கள். காண்டிராக்டரின் கணக்கப்பிள்ளை பதிலே எழுதவில்லை. நேரில் போனபோது மட்டும், "மழை வந்தா அடங்கிடும் லா," என்றார்.

மழை மார்ச் கடைசியில் வந்தது. தூசி அடங்கியது, சாலை பிளந்தது. லோரிச் சக்கரம் பதிந்த தடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஏப்ரல் முதல் வாரம் அங்கே அகப்பையை விட்டேன். மூன்றாவது முறையே புழு, மட்டத்தில் படுத்த புழு. லோரி தன் செலவில் எங்கள் இலாகாவுக்குள் நுழைந்துவிட்டது. எண் கேட்டு எழுதினேன். எண் தருவதற்குக் கந்தையா நேரில் வந்து பத்து முறை மொண்டு பார்த்தாக வேண்டும்.

வந்தார். நடுச்சாலையில் சூரியனைப் பார்த்துக் குந்தினார். ஆறாவது முறை மொள்ளும்போது ஒரு லோரி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. டிரைவர் சீனர். தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினார். கந்தையா அகப்பையைப் பார்த்தபடியே, "சப்தம் போட வேண்டாமெண்டு சொல்லும். புழு பயந்துபோகும்," என்றார். சடையன் அதை மலாயில் சொன்னார். டிரைவர் இறங்கி வந்து, அவரும் குந்தி, மீதி நான்கு முறையையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு லோரி சேர்ந்துவிட்டது.

"நாப்பத்தொண்டு," என்று எழுந்தார் கந்தையா. முளை அடித்தோம். ரெஜிஸ்டரில் 'சதுப்பு' என்று எழுதினேன், 'சாலை' என்பதற்கு அச்சிட்ட தாளில் இடமில்லை.

எண்ணெய் போட ஆரம்பித்தோம். மே மாதம் தண்ணீர் வற்றியது. தூசி திரும்பியது, ஆனால் எண்ணெய் குடித்த மண் இருந்த ஐம்பது கஜத்தில் திரும்பவில்லை. முதலில் கண்டது அஞ்சலைதான். "மண்டோரண்ணே, இந்த மருந்து ரோட்டுக்கும் கேக்குது!" என்றாள். சடையன் என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைவிட இருபது வயது மூப்பு. இன்ஸ்பெக்டர் எதிரே 'சார்' என்பார், மற்ற நேரம் 'தம்பி'.

"தம்பி, காஞ்சு போச்சுன்னு எழுதினா நம்பரு போயிரும்."

"தெரியும்."

"எழுதப்போறியா?"

அந்த வாரம் 'ஈரம் உண்டு' என்று எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு வாரம் எழுதினேன். சடையனும் அவர் ஆட்களும் முதுகுப் பம்பைச் சுமந்து, இல்லாத தண்ணீருக்கு எண்ணெய் தெளித்தார்கள். லயத்தின் முன்னால் சாலை கறுத்து, தார் ரோடுபோல் மினுங்கியது. அஞ்சலையின் கணக்கில் மூன்றாம் புள்ளி விழவில்லை.

ஆகஸ்டில் மெர்டேகா, நாட்டின் சுதந்திர நாள், குறுக்கே வந்தது. கொண்டாட்டத்துக்காகப் பாடாங் மைதானத்தையும் சுற்றுச் சாக்கடைகளையும் சுத்தம் செய்ய எங்கள் கேங் முழுவதையும் பட்டணத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் ஏழாம் மைல் பக்கம் போகவில்லை. 28-ஆம் தேதி, புதன்கிழமை காலை, கந்தையா என்னைக் கூப்பிட்டார். மேசையில் நாற்பத்தொன்றாம் எண் பக்கம் திறந்திருந்தது. பக்கத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் அனுப்பிய தாள். அஞ்சலைக்கு மூன்று புள்ளி.

முதலில் ரெஜிஸ்டரைத் தொட்டார். "வாசியும்."

வாசித்தேன். "ஜூலை ஒன்பது. ஈரம் உண்டு."

"அடுத்த கட்டத்தையும் வாசியும்."

அடுத்த கட்டம் 'குறிப்பு'. மற்ற ஓவர்சியர்கள் அதை வெறுமையாக விடுவார்கள். பழக்கதோஷத்தில் நான் அதில் மழை எழுதி வந்திருந்தேன். "மழை இல்லை. ஒன்பது நாளாக இல்லை."

"அதுக்கு அடுத்த கிழமை?"

"ஈரம் உண்டு. மழை இல்லை. பதினாறு நாளாக இல்லை."

"பொய்யை எழுதிப்போட்டு, பக்கத்திலயே அது பொய் எண்டு தேதி போட்டு எழுதி வைச்ச ஆளை நான் என்ர சேவையில கண்டதில்லை. உமக்கு விசரே?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன், எண்ணெய், தூசி, அஞ்சலை, இரண்டு பிள்ளைகள், வீடு. அவர் டிரஸ்ஸரின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தது.

"சடையனைக் கூப்பிடும். ஒரு பம்பு எண்ணெய். பரிசோதனைக்கு எண்டு நானே எழுதுறன்."

ஏழாம் மைலில் லயத்து வாசலில் முப்பது கஜத்துக்கு எண்ணெய் அடிக்கச் சொன்னார். அதற்கு அப்பால் புழுதியை அப்படியே விடச் சொன்னார். டிரஸ்ஸர் புத்தகத்தோடு வந்தார். அஞ்சலையை எண்ணெய் அடித்த இடத்தில் நிறுத்தி, நாங்களும் பக்கத்தில் நின்றோம். லோரி போயிற்று. அஞ்சலை இருமவில்லை.

"மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறா சார்," என்றார் டிரஸ்ஸர்.

"நியாயம்," என்றார் கந்தையா. "அம்மா, அடுத்த லோரி வரேக்க கதையும்."

"என்னா கதைங்க?"

"பேசுங்கம்மா. எதையாவது பேசுங்க," என்றேன்.

அஞ்சலைக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. "பேசவா? இந்தாளு இருமலுக்கு நாலு மாசமா ஒரே செவப்புத் தண்ணியக் குடுக்குறாரு. தலவலிக்கும் அதே தண்ணி. போன வாரம் எங்க பக்கத்து வீட்டுக் காமாட்சிக்குக் கால் சுளுக்கு, அதுக்கும் அதத்தான் குடுத்தாரு. கேட்டா, உனக்கு வைத்தியம் தெரியுமாங்குறாரு. எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அது ரெண்டு பேருக்கும் தெரியும்..." லோரி வந்தது, கடந்தது, வளைவில் மறைந்தது. அவள் நிறுத்தவில்லை. ஓர் இருமல் இல்லை.

"போதும் அம்மா," என்றார் கந்தையா. கன்னம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "இனி எல்லாரும் அந்தப் பக்கம் வாருங்கோ."

புழுதியில் போய் நின்றோம். அடுத்த லோரி வந்தது. ஒரு செஞ்சுவர் எழுந்து எங்கள்மேல் சரிந்தது. நான் இருமினேன், டிரஸ்ஸர் இருமினார், அஞ்சலை குனிந்துவிட்டாள். புழுதி கலைந்தபோது கந்தையா தொப்பியிலிருந்து சப்பாத்துவரை செங்கல் நிறத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"டிரஸ்ஸர், புத்தகத்தை எடும். எழுதும். கந்தையா, சுகாதார இன்ஸ்பெக்டர். ஒரு புள்ளி."

"சார், அது வந்து லேபர் ஆளுங்களுக்கு..."

"இருமிற ஆளை எழுத வேணுமெண்டுதானே விதி? எழுதும்."

எழுதினார். நாங்கள் நகரலாம் என்று பார்த்தோம். கந்தையா நகரவில்லை. இரண்டாவது லோரிக்கு நின்றார், இருமினார், "ரெண்டு," என்றார். மூன்றாவது வரக் கால்மணி ஆயிற்று. வெயில் கொதித்தது. லயத்து வாசல்களில் ஜனம் கூடிவிட்டது. மூன்றாவது லோரி வந்தது. அவர் இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சடையன் தண்ணீர் கொடுத்தார்.

"மூண்டு," என்றார் கந்தையா. குரல் கம்மியிருந்தது. "காசச் சந்தேகம். இப்ப என்னை எந்த வார்டில போடப் போறீர்? என்ர குவார்ட்டர்ஸை ஆருக்குக் குடுக்கப் போறீர்?"

டிரஸ்ஸர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கந்தையா பையிலிருந்த தாளை எடுத்து, கையெழுத்திடும் இடத்தில் குறுக்குக் கோடு இழுத்தார். பின்பக்கத்தில், 'காரணம் சாலைத் தூசி. அதே இடத்தில் அதே நேரத்தில் இருமிய மற்றவர்கள்' என்று எழுதி, தம் பெயரை முதலிலும் டிரஸ்ஸர் பெயரைக் கடைசியிலும் போட்டார். அஞ்சலையின் சளியை மூன்று நாள் காலையில் எடுத்து அனுப்பவும் உத்தரவிட்டார். "உம்மட சொல்லை நம்பேல்லை எண்டில்லை, அம்மா. ஆனால் உறுதிப்படுத்த வேணும்."

"எடுத்துக்குங்க சார். லோரி இல்லாத நாளாப் பாத்து எடுங்க."

நாற்பத்தொன்றாம் எண்ணை அன்றே சிவப்பு மையில் அடித்தார். நான் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார். மூன்றாவதைக் கோப்பில் போட்டார். வருஷ உயர்வு ஒன்று போயிற்று, வேலை போகவில்லை.

தோட்டத்துத் துரைக்குத் தம் இருமல் புத்தகத்தில் ஒரு சர்க்கார் அதிகாரியின் பெயர் இருப்பது பிடிக்கவில்லை. சாலையின் தலைப்பில் ஒரு கம்பம் போட்டுப் பூட்டிவிட்டார். பொதுச் சாலை என்று எழுதிய அதே தோட்டம்தான். லோரிகள் இரண்டு மைல் தள்ளி ஒரு மலாய்க் கிராமத்தின் வழியாகப் போயின. அங்கே இருமியவர்களுக்குப் புத்தகம் கிடையாது, இழக்க லயத்து வீடும் கிடையாது. ஆனால் இருமல் அதே இருமல்தான். அவர்களுக்காக நானும் கந்தையாவும் எழுதிய கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. பதில்கள் இல்லை, வராததால்.

சளி முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது. கிருமி இல்லை. அதைக் கொடுக்க மறுநாள் விடியற்காலை பிரட்டுக் களத்துக்குப் போனேன். எழுத்தறியாத அஞ்சலை தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டாள். தோட்டத்து மண்டோர் பெயர் கூப்பிட்டார். அவள் முறை வந்தபோது 'இருக்கேன்' என்று சொல்லவில்லை. டிரஸ்ஸருக்கு நேர் எதிரே போய் நின்று, முந்தானையை விலக்கிக்கொண்டு, களம் முழுவதும் கேட்க, நன்றாக, தாராளமாக, மூன்று முறை இருமினாள்.

டிரஸ்ஸர் பென்சிலை எடுக்கவில்லை.

"சும்மாதான் இருமிப் பாத்தேன் சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போனாள்.